உறைத்தண்ணீர்

வீட்டில் சாப்பாட்டு டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. காய்ச்சலில் கிடந்த அந்த வாரம் முழுக்க அவள் அதைக் கவனித்தும் கவனிக்காதவள்போல இருந்தாள். கடைசியில் ஒரு டப்பாகூட மிஞ்சாமல், ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டுத் தட்டால் மூடித் துணியில் கட்டிக் கொடுத்த அன்றைக்குத்தான், "இந்த மனுஷன் டப்பாவையெல்லாம் எங்க கொண்டுபோய்த் தொலைக்கிறாரு?" என்று முனகிக்கொண்டு மறுபடி போய்ப் படுத்தாள்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. அவள் கணவன் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தான். அவன் வேலைபார்க்கிற அதே ஆய்வுக்கூடத்துக்கு அவளும் வேலைக்குப் போனாள். போன உடனே அங்கே சாப்பாட்டு அறையில் இருக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

டப்பாக்கள் எல்லாம் அங்கே இருந்தன. மேல்தட்டில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தாள், கனத்தது. இன்னொன்றும் கனத்தது. கட்டிய கட்டுக்கூட அவிழவில்லை. காய்ச்சலோடு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சமைத்துப் போட்ட சோறு! அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயில் வந்த வசவைச் சேர்த்துவைத்துக்கொண்டு கீழ்த்தட்டைப் பார்த்தபோதுதான் அந்தக் கோபம் மெல்ல வேறொன்றாக மாறியது.

கீழ்த்தட்டிலும் டப்பாக்கள் இருந்தன. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிற அம்மாவின் பச்சை டப்பா, ஆராய்ச்சி மாணவியின் பூப்போட்ட டப்பா, காவலாளியின் நசுங்கிய அடுக்கு, ஆய்வுக்கூடத் தலைவருக்கு அவர் மனைவி கொடுத்தனுப்புகிற வெள்ளைத் துணி மூட்டை. எல்லாருடையதும், எல்லா நாளுடையதும். ஒன்றும் திறக்கப்படவில்லை.

"வந்துட்டியா உடும்பு?" என்று பின்னால் குரல் கேட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர். எல்லாருக்கும் அவர் வாத்தியார். அவர்தான் அவளுக்கு உடும்பு என்று பெயர் வைத்தவர். ஒரு வேலையைப் பிடித்தால் விடமாட்டாள், ஒரு சண்டையைப் பிடித்தாலும் விடமாட்டாள். இருட்டறையிலேயே குடியிருந்து செல்களைப் படம்பிடிக்கிற அவள் கணவனுக்கு ஆந்தை என்று பெயர். உடும்புக்கும் ஆந்தைக்கும் கல்யாணம் செய்துவைத்த பெருமையும் தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்வார்.

"ஏன் சார், இங்க யாருமே சாப்பிடுறதில்லையா?"

"சாப்பாடா? அதுக்கென்ன, பசிச்சா..." என்றவர் நிறுத்தினார்.

பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கழுத்து மட்டும் மெல்லத் திரும்பி, அறைக்கு வெளியே, நடுக்கூடத்தில் மாடிப்படி சுழன்று ஏறுகிற பக்கம் பார்த்தது. தாழ்வாரத்தில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த சத்தமும் அதே நொடியில் நின்றுபோயிருந்ததை அவள் கவனித்தாள். எங்கோ ஒரு குழாய் மட்டும் மூடுவார் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தேய்க்கும் சத்தம் மறுபடி கேட்டது. வாத்தியாரும் "...சாப்பிடுவாங்க" என்று முடித்துவிட்டுச் சிரித்தார். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவர்கள் வளர்ப்பது சளிப்பூஞ்சை. பேர்தான் பூஞ்சை, மற்றபடி ஈர மண்ணில் ஒண்டியாகத் திரிகிற ஒற்றைச் செல் பிராணி. இரை இருக்கிறவரை அதற்கு உறவும் கிடையாது, ஊரும் கிடையாது. இரை தீர்ந்து பட்டினி தொடங்கியதும்தான் கூத்து ஆரம்பம். பசித்த செல் ஒன்று சைக்ளிக் ஏ.எம்.பி. என்கிற பொடி மூலக்கூறை வெளியே கக்கும். அது ஒரு கூப்பாடு. கேட்ட செல் அந்தத் திசையில் இரண்டு எட்டு வைத்துவிட்டு, தானும் அதே கூப்பாட்டைப் போடும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை, அலை அலையாக. இப்படியே ஒரு லட்சம் செல்கள் ஓடைபோல வந்து கூடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே உடம்பாகி, வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து போய் நிமிர்ந்து நிற்கும். முன்னால் போனவை செத்துக் காய்ந்து காம்பாகிவிடும். பின்னால் வந்தவை அந்தக் காம்பின்மேல் ஏறி உச்சியில் உருண்டையாகத் திரண்டு, வித்தாகித் தூங்கும்.

கூப்பாடு செல்லுக்கு உள்ளேயும் எழும். அங்கே அதைப் பிடிக்கிற புரதத்தைப் பிரித்தெடுப்பதுதான் அவள் வேலை. சும்மா இருக்கிற நாளில் அந்தப் புரதம் ஒரு நொதியை இறுகக் கட்டிக்கொண்டு தூங்கவைத்திருக்கும். சைக்ளிக் ஏ.எம்.பி. வந்து அதன் மடியில் உட்கார்ந்ததோ இல்லையோ, வந்ததைப் பிடித்துக்கொண்டு, அதுவரை பிடித்திருந்ததைக் கைவிட்டுவிடும். நொதி விழித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது பழைய செல் இல்லை. "புதுசா ஒண்ணு வந்தா பழசை விட்டுர்ற ஜென்மம்" என்று அவள் தன் புரதத்தைத் திட்டுவாள். "அதைத்தானே பத்து வருஷமா கட்டிக்கிட்டு அழுவுற" என்பான் ஆந்தை.

அவனைத் தேடி இருட்டறைக்குப் போனாள்.

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. கோடை மழை விழுந்த மண்ணின் வாசனை, ஆனால் அதற்கு அடியில் ஏதோ ஊறிப்போன, இனித்த, மூடிவைத்த ஒன்றின் வாடை. சிவப்பு விளக்கு ஒன்றுதான் எரிந்தது. மேசைக்கு அடியில் ஈரப்பதம் ஊட்டுகிற இயந்திரம் கரகரவென்று ஓடி, வெண்புகையாக நீராவியைத் துப்பிக்கொண்டிருந்தது. செல்கள் காயாமல் இருக்க அந்த அறையில் அது எப்போதும் ஓடும். புகை மேலே போய்க் கூரைக் குழாய்க்குள் நுழைந்து மறைந்தது. அந்தக் குழாய் எல்லா அறைகளுக்கும் காற்று கொண்டுபோகிற குழாய் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அது அவளுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் அலைகள் விரிந்து விரிந்து அடங்கின.

"ஏங்க, டப்பாவெல்லாம் அப்படியே இருக்கு. நான் என்ன வேலையத்துப் போயா சமைச்சேன்?"

"பசிக்கல" என்றான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதே சிரிப்புதான். அவள் மனம் கொஞ்சம் ஆறியது. கையை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று, எலும்பு தட்டுப்படுகிற அளவுக்கு மெலிந்திருந்தன. காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வாரமாக அவனை வேறு அறையில் படுக்கச் சொன்னது அவள்தான். அடுத்த அறையில் ஒரு மனுஷன் கரைந்துகொண்டிருந்ததைப் பார்க்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அப்போது அந்தக் கை விரிந்தது.

அவன் உதறவில்லை. உருவிக்கொள்ளவும் இல்லை. இறுகப் பிடித்திருந்த விரல்கள் ஐந்தும் ஒரே நேரத்தில், பூட்டு திறந்த மாதிரி, பிடியை விட்டன. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. சுவருக்கு அப்பால் நடுக்கூடம். இரண்டு மூச்சு நேரம். பிறகு விரல்கள் மறுபடி மூடின.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்?" என்றான் அவன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அவள் குனிந்து இயந்திரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெரிய கேன் கிடந்தது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மூடியில் அவள் சுற்றிவைத்த நீல நாடா.

பட்டினி போட்ட செல்கள் கிடந்த நீரை அவர்கள் கொட்டுவதில்லை. வடித்து வைத்திருந்து அடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சம் ஊற்றினால், செல்கள் சீக்கிரம் கூடிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. பெயரே உறைத்தண்ணீர். வாத்தியார் இளைஞராக இருந்த காலத்திலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் கைமாறி வந்த நீர் அது. எத்தனை பட்டினி அதில் ஊறியிருக்கிறது என்று சொல்ல இப்போது ஆள் கிடையாது.

"இதையா மெஷின்ல ஊத்துனீங்க?"

"தண்ணிதானே. லேபிள் உரிஞ்சு போயிருந்துச்சு. நீ வேற லீவு. யாரைக் கேக்குறது?"

அவள் இயந்திரத்தின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். கரகரப்பு நின்றது. புகை அடங்கியது. ஒன்றும் மாறவில்லை. சிறிது நேரத்தில் அவன் கழுத்து மறுபடி திரும்பியது. வெளியே தேய்க்கும் சத்தம் நின்றது. இனி இயந்திரம் எதற்கு? கேட்டவர் ஒவ்வொருவரும் கூப்பிடுகிறவராகவும் ஆகிவிட்டார். அவன் விட்ட மூச்சில் அந்த மழைவாசனை இருந்தது.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போறோம்."

"போலாமே" என்று எழுந்தான். "மாடிப்படி வழியா போலாம்."

"கீழ்த்தளத்துல இருந்துகிட்டு எதுக்கு மாடிப்படி?"

அவன் யோசித்தான். "வெளிச்சமா இருக்கும்" என்றான்.

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கால் தானாகப் பின்வாங்கியது. அதோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு சமைத்த அந்தச் சோற்றின் நினைப்பும் வந்தது. என் வீட்டு மனுஷனை, என் கையால் தின்கிறவனை, ஒரு கேன் பழைய தண்ணீரா கூப்பிட்டுக்கொண்டு போகும்? பார்த்துவிடலாம்.

பசித்த செல்லுக்குத்தான் அந்தக் கூப்பாடு கேட்கும். வயிறு நிறைந்த செல் திரும்பியும் பார்க்காது. இதை அவள் பத்து வருடமாகப் பார்க்கிறாள்.

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். எதிரே கண்ணாடி கழுவுகிற அம்மா ஈரக்கையோடு நின்றிருந்தாள். மாணவி கதவோரம் நின்றிருந்தாள். காவலாளி தன் நாற்காலியை விட்டு உள்ளே வந்திருந்தார். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அலை வந்தது. எல்லாரும் ஒரே திசையில் இரண்டு எட்டு வைத்தார்கள். நின்றார்கள். அவனும் இரண்டு எட்டு வைத்தான். அவள் குதிகாலை ஊன்றி இழுத்து, அவனைச் சாப்பாட்டு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அந்த அறையின் மறுகோடியில் ஒரு கதவு உண்டு. திறந்தால் பின்முற்றம், வண்டி நிறுத்துகிற இடம், ரோடு. வெளியே மழையில் பகல் மங்கியிருந்தது. அவள் ஒருத்தி மட்டும் என்றால் அந்த நிமிடமே போயிருக்கலாம். அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

டப்பாவை அவிழ்த்து, குளிர்ந்து கட்டிதட்டிய சோற்றைப் பிசைந்து அவன் வாயில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். விழுங்கவில்லை. அடம்பிடிக்கிற பிள்ளைபோலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முழுங்குங்க."

அலை வந்தது. இந்த முறை அவளுக்கும்.

காதில் ஒன்றும் விழவில்லை. நெஞ்சுக்குழியில் ஏதோ மெல்ல வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்ததும், இத்தனை நாள் இறுகப் பிடித்திருந்த எல்லாம் சுமையாகத் தோன்றின. வீடு, வேலை, கோபம், கையில் இருக்கிற இந்த மெலிந்த மணிக்கட்டு. விட்டுவிடேன் என்றது. எல்லாரும் அங்கே இருக்கிறார்களே என்றது. காய்ச்சலில் நாக்கு செத்து அவள் சரியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது. அவளும் பசித்தவள்தான். விரல்கள் தளர்வதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

மறுகையால் ஒரு கவளம் அள்ளித் தன் வாயில் திணித்தாள். மென்றாள். குமட்டியது. விழுங்கினாள். இன்னொன்று. இன்னொன்று. நெஞ்சில் உட்கார்ந்தது மெல்ல எழுந்து போயிற்று.

"போ" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. "எவகிட்ட வந்து விளையாடுற?"

பிறகு அவன் தாடையைப் பிடித்து அழுத்தினாள். தொண்டையை நீவிவிட்டாள். கெஞ்சினாள், திட்டினாள். கடைசியில் அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான். கண்ணில் ஏதோ தெளிந்தது. அவளை நேராகப் பார்த்தான்.

"உப்பு கம்மி" என்றான்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "காய்ச்சக்காரி சமைச்சா அப்படித்தான் இருக்கும். உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. தின்னுங்க பேசாம." அடுத்த கவளத்தை எடுத்தாள். இன்னும் நாலு வாய் உள்ளே போனால் போதும், ஆளை மீட்டுவிடலாம் என்று இருந்தது.

அடுத்த கவளத்துக்கு முன்னால் அலை வந்துவிட்டது.

அவன் எழுந்தான். அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழுந்தான். ஒரு வாரம் பட்டினி கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மேசை சாய்ந்தது. கிடைத்த டப்பாக்களைத் துணிப்பையில் வாரித் தோளில் மாட்டிக்கொள்ளத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

நடுக்கூடத்தில் படிகள் வட்டமாகச் சுழன்று உச்சிவரை போகும். உச்சியில் கண்ணாடிக் கூரை. அதன் வழியாகச் சாம்பல்நிற வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு அடியில் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் வந்து கூடியிருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. பேச்சும் இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் கன்னத்தை வைத்து, ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சை அழுத்தி, ஈரமான மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார்கள். சட்டைகள் நனைந்திருந்தன. எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று தெரியவில்லை.

கூட்டத்துக்குள்ளிருந்து வாத்தியாரின் முகம் அவளைப் பார்த்தது.

"வாம்மா. உனக்கும் இடம் இருக்கு."

"என் இடம் எனக்குத் தெரியும் சார். என் வீட்டுக்காரரை விடுங்க."

"அவன்தானே முதல்ல கேட்டவன்" என்றார் அன்பாக. "அவன் முன்னால போகணும்."

முன்னால் போனவை காம்பு.

அவள் இழுத்தாள். கூட்டம் விலகி அவனுக்கு வழிவிட்டது. நடுவில், அடியில், அவனுக்கென்று ஒரு குழி காத்திருந்தது. அவன் அதில் போய் மண்டியிட்டான். கூட்டம் மூடிக்கொண்டது. அவள் கை தோள்வரை உடம்புகளுக்குள் போய்விட்டது. சூடு. வழுவழுப்பு. பல நெஞ்சுகளின் ஒரே துடிப்பு. படியின் இரும்புக் கம்பியில் காலைக் கோத்துக்கொண்டாள். பல்லால் டப்பாக் கட்டை அவிழ்த்தாள். தின்றாள்.

அவர்கள் ஏறத் தொடங்கினார்கள். ஒருவர்மேல் ஒருவராக. மாணவியின் பாதம் காவலாளியின் தோளில். கண்ணாடி கழுவுகிற அம்மா எல்லாருக்கும் மேலே, கண்ணை மூடிக்கொண்டு. அடியில் ஏதோ நொறுங்குகிற சத்தம். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி.

அலை.

அவள் தின்றாள்.

அலை.

அவன் கை விரிந்தது. அவள் விடவில்லை.

"ஏங்க! நான் இங்கதான் இருக்கேன்!"

அலை. கவளம். அலை. கவளம். புளித்த சோறு, பூஞ்சை பிடித்த சோறு, ஊரார் சோறு. பச்சை டப்பா, பூப்போட்ட டப்பா, வெள்ளை மூட்டை. எது யாருடையது என்று பார்க்கவில்லை. தின்கிறவரைக்கும் நான் நான்தான். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். கால் மரத்துப்போயிற்று. தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

மழை விட்டபோது நொறுங்குகிற சத்தமும் நின்றிருந்தது. மூச்சுச் சத்தமும் இல்லை. அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

கூடத்தின் நடுவில் அது நேராக நின்றது. அடியில் இருந்தவர்கள் வெளுத்து, வற்றி, உள்ளே ஒன்றுமில்லாத வைக்கோல்போல ஒருவரோடு ஒருவர் ஒட்டி இறுகியிருந்தார்கள். வாத்தியாரின் முகம் அவள் முகத்துக்கு நேராக, காகிதம்போலச் சிரித்தபடி இருந்தது. அந்த மெல்லிய தண்டு மாடிக்கு மாடி உயர்ந்துபோய், உச்சியில், கண்ணாடிக் கூரையை ஒட்டி ஒரு பெரிய உருண்டையாகத் திரண்டிருந்தது. முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, கண்மூடி, பளபளவென்று, மற்ற எல்லாரும் அதில் தூங்கினார்கள். கூரையில் ஒரு விரிசல் இருந்தது. வெளியே காற்று வீசத் தொடங்கியிருந்தது. உருண்டை மெல்ல ஆடியது.

அவள் கையில் இன்னும் அவன் கை இருந்தது. அதில் கனமே இல்லை.

பையில் துழாவினாள். கடைசியாக அந்தக் கிண்ணம், தட்டால் மூடிக் கட்டியது. நேற்றுக் கட்டிக் கொடுத்தது. இழுபறியில் சாய்ந்து சோறெல்லாம் கொட்டிப்போயிருந்தது. வழித்து எடுத்ததில் ஒரே ஒரு கவளம் தேறியது. வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்று, விழுங்கினாள்.

"உப்பு கம்மிதாங்க" என்றாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. "நீங்க சொன்னது சரிதான். அதுக்காக நான் விட்டுருவேன்னு நினைக்காதீங்க."

அலை வந்தது.

இத்தனை முறை விரிந்த அந்தக் கை இந்த முறை விரியவில்லை. காய்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக, மெல்லச் சத்தமிட்டுக்கொண்டு மடங்கி, அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. உச்சியில், தூங்கிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் கீழே திரும்பின. அவள் காலைக் கம்பியில் இன்னும் இறுக்கிக் கோத்துக்கொண்டு, வெறும் கிண்ணத்தை விரலால் வழித்தாள்.